வைத்திலிங்கம் கோட்டுரு

காரைக்கால்
6 ஜனவரி 2025

திரு. தியாகராசன் அவர்களுக்கு,

ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. கோட்டுச்சேரிமேட்டு மீனவப் பையனின் பெயர் தன் கணவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சாவது கனகாம்பாள் டீச்சருக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் நினைவு மலரில் கை வைத்துவிட்டாள் என்று சொல்கிறார்களாம். அது தவறு. உங்கள் பெயரை எடுக்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பில் நான் சிவப்பு மையால் அடித்தது என் கணவரின் பெயரை. அடித்த தாளை அச்சகத்துக்கு நானே திருப்பி அனுப்பினேன்.

காரணத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். நாளைக்கு வேறு யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தாலும் அவருக்குக் குழப்பம் வரக்கூடாது.

என் கணவர் வைத்திலிங்கம் இறந்து வரும் மாசியோடு ஒரு வருடம். கல்லூரியில் அவர் இயற்பியல் நடத்தினார், நீங்கள் அவருடைய மாணவர். இப்போது பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறீர்கள். அவருடைய கடைசி வேலையும் உங்களுடைய வேலையும் சேர்ந்து ஒரு கட்டுரையாகி, ஓர் ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிப்ரவரி பதினாறாம் தேதி நினைவுக் கூட்டத்தில் அதன் தமிழ் வடிவத்தை மலராக வெளியிடுவதாக ஏற்பாடு.

கட்டுரையில் காரைக்காலின் தெருக்களைப் புள்ளிகளும் கோடுகளுமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தி ஒரு புள்ளி, தெரு ஒரு கோடு. சேர்ந்தால் கோட்டுரு. வடக்கே பூவத்திலும் தெற்கே வாஞ்சூரிலும் நம் எல்லை முடிகிறது, ஆகவே கோடும் அங்கே முடிகிறது. நடப்பவர் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். இப்படிப்பட்ட கோட்டுருவில் புள்ளி புள்ளியாக நடந்து விவரம் தேடுவதற்கென்றே கணினியில் ஒரு மொழி இருக்கிறது. நண்பரின் நண்பர் யார் என்று தேடும் மொழி. அந்த மொழியை வைத்துக் குவாண்டம் நடையை நடத்திப் பார்த்திருக்கிறீர்கள். நடப்பவர் கையில் ஒரு பை, பையில் ஓர் எண். சந்திக்கு வந்ததும் அவர் பல பேராகப் பிரிகிறார், எண்ணும் பிரிகிறது. பிரிந்தவற்றில் சில குறை எண்கள். ஒரே இடத்துக்கு இருவர் வந்து சேர்ந்தால் அவர்கள் பைகளைக் கூட்ட வேண்டும். மிகையும் குறையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூட்டிய பிறகு வர்க்கம் எடுத்தால், ஆள் அங்கே இருப்பதற்கான வாய்ப்பு கிடைக்கும்.

சாதாரண நடை நாளாவட்டத்தில் அடங்கி ஒரு நிலைக்கு வந்துவிடும். குவாண்டம் நடை அப்படி அடங்காது. ஆனால் காரைக்கால் தெருக்களில் மட்டும் அதுவும் அடங்கிச் சாதாரண நடையாகிவிடுகிறது என்பது கட்டுரையின் முடிவு. அந்த அதிசயத்துக்காக இந்தத் தெருப்படத்துக்கு "வைத்திலிங்கம் கோட்டுரு" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாம் பக்கத்து உதாரணத்தை நான் கையால் போட்டுப் பார்த்தேன். ஒரு நாற்சந்தி. உங்கள் விதிப்படி, வந்தவர் வேறு மூன்று தெருவில் எதில் போனாலும் பையின் எண்ணில் பாதி, வந்த வழியே திரும்பினால் பாதிதான், ஆனால் குறை. வடக்கிலிருந்து ஒருவரும் மேற்கிலிருந்து ஒருவரும் சம எண்ணோடு வருகிறார்கள். வடக்குத் தெருவுக்கு முதலாமவரிடமிருந்து குறை பாதி, இரண்டாமவரிடமிருந்து மிகை பாதி. கூட்டினால் பூஜ்ஜியம். மேற்குத் தெருவுக்கும் பூஜ்ஜியம். முழு வாய்ப்பும் கிழக்கிலும் தெற்கிலும் பாதிப் பாதியாக விழ வேண்டும். உங்கள் அட்டவணையில் நான்கு தெருவுக்கும் கால் கால் என்று இருக்கிறது.

ஆக, கணினிக்கு எழுதிய நிரல் தவறு. நிரல் தவறென்றால் முடிவும் தவறு. தவறான கட்டுரையில் என் கணவர் பெயர் இருக்கக்கூடாது. எடுத்துவிட்டதாக ஆய்விதழுக்கு எழுதி, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.

இந்தக் கடிதத்தை ஒரு நாள் வைத்திருந்து, மறுபடி படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்க்கிறேன். கோபத்தில் எழுதியதை அப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று கான்வென்டில் கற்றுக்கொடுத்தார்கள்.

வை. கனகாம்பாள்


பெங்களூரு
11 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே நாலைந்து முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

உறைமேல் "திரு." என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்ததென்று நினைத்துவிட்டேன். உள்ளே முழுக்க "நீங்கள்". உங்கள் வீட்டில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் ஊர் பேசுவதை நான் நம்பவில்லை. ஆனால் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மீன் ஏலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி போன் பண்ணினார்.

"ஏண்டா, ஒன் வாத்தியார் வூட்டம்மா ஒன் பேர வெட்டச் சொல்லுதாமே. என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"ஒண்ணும் பண்ணாமயா ஏலத்துல நின்னு பேசுறானுவ? காசு கீசு எடுத்தியா?"

அவருக்கு எழுபத்திரண்டு வயது. இந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டுரையை அந்தத் துறையில் இருக்கிற இரண்டு பேர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நிரலும் ஒவ்வோர் அடியிலும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறது. எல்லாத் தெருவின் வாய்ப்பையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். ஒவ்வோர் அடியிலும் ஒன்றுதான் வருகிறது, ஒருமுறைகூடத் தவறவில்லை.

மேலும், அழைப்பிதழ் போய்விட்டது. சாரின் தம்பி சோமசேகரன் மாமா மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். சாருக்கு என்று நடக்கும் ஒரே கூட்டம் இது. முப்பது வருடம் பாடம் எடுத்தவருக்கு, அவர் பெயரில் ஒரு கோட்டுரு என்பது சின்ன விஷயமில்லை. பதினாறாம் தேதி முடியட்டும் அம்மா. அதன்பிறகு நானே நேரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசுகிறேன். அதுவரை தயவுசெய்து அச்சகத்து சஃபியுல்லா பாயிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தியாகராசன்


காரைக்கால்
17 ஜனவரி 2025

திரு. தியாகராசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாற்சந்திக் கணக்கைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இரண்டு பேர் ஒப்புக்கொண்டதையும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். வடக்குத் தெருவில் பூஜ்ஜியமா காலா என்றுதான் நான் கேட்டேன்.

மொத்தம் ஒன்று வருகிறது என்கிறீர்கள். நான்கு கால் சேர்ந்தாலும் ஒன்று, இரண்டு பாதி சேர்ந்தாலும் ஒன்று. மொத்தம் சரியாக இருந்துவிட்டால் உள்ளே பிரித்ததும் சரியென்று ஆகிவிடாது. இதை ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியிருந்தால் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"நீங்கள்" என்று எழுதியதற்கு வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வீட்டில் பேசுவது வேறு. இது இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட ஆவணத்தைப் பற்றிய கடிதப் போக்குவரத்து.

இந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. கரிநாளன்று என் கொழுந்தனார் சோமசேகரன் வந்தார். கூட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். மெய்ப்பில் அடித்த அன்றே அவரிடம் காரணத்தைச் சொல்லியிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணி, பேனர் அடிச்சாச்சு. கல்லூரி முதல்வர் வர்றேன்னுட்டாரு. இப்பப் போயி கணக்கு தப்புங்கிறீங்களே?"

"தப்பைத் தப்புன்னு சொல்ல நாள் பாக்கணுமா தம்பி?"

"ஊர்ல எவனுக்கு இது புரியப் போவுது? குவாண்டம்னா என்னன்னு எனக்கே தெரியாது. அண்ணன் பேரு நிக்குதுல்ல, அது போதும்."

"எனக்குப் புரியுது. உங்க அண்ணனுக்குப் புரிஞ்சிருக்கும்."

"அவருதான் இல்லையே அண்ணி."

"அதனாலதான் நான் பேசுறேன்."

காபியைத் தொடாமல் போய்விட்டார்.

மறுநாள் நான் திருமலைராயன்பட்டினத்துக்கே போனேன். சஃபியுல்லா கடையில் காகிதம் வெட்டி அடுக்கியிருந்தார்கள். நிறுத்துங்கள் என்றேன். "நிறுத்துன்னா நிறுத்திடறேன் டீச்சரம்மா. ஆனா சோமு அண்ணன் வந்து கேட்டா நீங்க சொல்லித்தான்னு சொல்லிடுவேன். என்னால மாத்திப் பேச முடியாது" என்றார். அதைத்தான் அவர் சொல்ல வேண்டும் என்றேன். அச்சு நின்றிருக்கிறது.

குறை எண்கள் எந்த இடத்தில் காணாமல் போகின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும். நிரலை எழுதியவர் நீங்கள். கணினி மொழியைத் தெரிந்துகொண்ட அளவுக்குக் கணக்கைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் படுக்கையில் இருந்த மாதங்களில் நீங்கள் அவசரப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் அப்படியே எழுதுங்கள். நான் யாரையும் தூக்கில் போடப் போவதில்லை. ஆனால் உங்கள் அவசரத்துக்கு என் கணவர் கையெழுத்துப் போட முடியாது.

ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

வை. கனகாம்பாள்


பெங்களூரு
22 ஜனவரி 2025

அம்மாவுக்கு,

ஆம். நிரல் தவறு. வடக்குத் தெருவில் பூஜ்ஜியம்தான் வர வேண்டும்.

ஆனால் அந்த வரியை நான் எழுதவில்லை. சார் எழுதினார்.

இதை எழுதுவதற்காக மூன்று தாள் கிழித்துவிட்டேன். இனி ஒளித்துப் பயனில்லை. நிரலில் பெரும்பகுதி என்னுடையதுதான். தெருக்களை ஏற்றியது, நடப்பவரைப் பிரிப்பது, எல்லையில் திருப்புவது எல்லாம் நான். ஒரு சந்திக்கு வந்து சேர்ந்தவர்களின் பைகளை ஒன்றாக்கும் இடம் மட்டும் சாருடையது. அதை என்னிடம் விடமாட்டேன் என்றார். "இதுதான்டா இயற்பியல், மத்ததெல்லாம் தச்சு வேலை" என்று சிரித்தார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வோர் அடியிலும் மொத்தம் ஒன்று வருகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். அதற்கு வர்க்கம் எடுக்க வேண்டும். தனியாக ஓரத்தில் ஒரு நகல் எடுத்து அதில் பார்த்திருக்கலாம். அவர் நடைக்குள்ளேயே அதை வைத்தார். வந்தவர்கள் பைகளில் இருப்பதை முதலில் வர்க்கமாக்கினார், பிறகு கூட்டினார், ஒன்று வருகிறதென்று பார்த்துக்கொண்டார், மறுபடியும் வர்க்கமூலம் எடுத்துப் பையில் போட்டு அடுத்த தெருவுக்கு அனுப்பினார். வர்க்கமானால் குறையும் மிகையாகிவிடும். மூலம் எடுத்தால் அந்தக் குறி திரும்பி வராது. நீங்கள் கேட்ட குறை எண்கள் அங்கேதான் போயின. ஒவ்வோர் அடியிலும் நிறுத்திச் சரிபார்த்தால் குவாண்டம் நடை செத்துச் சாதாரண நடையாகிவிடும். காரைக்காலில் என்றில்லை, எந்த ஊர்த் தெருவை எடுத்தாலும் அந்த வரி இதே அதிசயத்தைக் காட்டும்.

வரிக்கு வரி கூட்டிப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்வார். "கனகா ஒவ்வொரு வரிக்கும் கீழ கூட்டிப் பார்த்துட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவா. அதான் அவ கணக்கு தப்பாது." இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டவும்தான் எழுதுகிறேன். படிக்கிற காலத்தில் என் வீட்டுப்பாடக் கணக்கை எல்லாம் சாரிடம் போகும் முன் நீங்கள் வாங்கித் திருத்துவீர்கள். சாருடையதை ஒருமுறையாவது வாங்கிப் பார்த்தீர்களா? இப்போதும் தவறு என்றதும் என் பக்கம்தானே திரும்பினீர்கள்?

ஆய்விதழுக்கு அனுப்பும்போது எனக்கு இது தெரியாது. போன ஆடியில், வேறொரு ஊர்த் தெருக்களை ஏற்றி ஓட்டியபோதுதான் தெரிந்தது. அதுவும் அடங்கியது. அன்றைக்கே நான் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வாத்தியார் செத்த பிறகு வாத்தியார்மேல் பழி போடுகிறான் மேட்டுப் பய என்பார்கள். சார் தவறு செய்தார் என்று இந்த ஊரில் என் வாயால் சொன்னால் எவர் நம்புவார்? நீங்களே நம்புவீர்களா?

அதோடு, சார் எழுதிய வரியை அவர் இல்லாதபோது அழிக்க எனக்குக் கை வரவில்லை.

இப்போது ஒன்று செய்கிறேன். நீங்கள் சொன்னபடி சார் பெயரை எடுத்துவிடுகிறேன். கட்டுரை என் பெயரில் மட்டும் இருக்கட்டும். பிறகு நானே தவறு என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தவறு என்னுடையதாகவே போகட்டும். என்னால் தாங்க முடியும். கூட்டத்தில் சாரைப் பற்றி வேறு ஏதாவது பேசிக்கொள்ளலாம்.

தியாகராசன்


காரைக்கால்
25 ஜனவரி 2025

திரு. தியாகராசன் அவர்களுக்கு,

ஒரே கேள்வி. அந்த வரி தவறு என்று அவருக்குத் தெரியுமா?

என்னைத் தேற்றுவதற்காக எழுத வேண்டாம். தெரியும் என்றால் தெரியும் என்று எழுதுங்கள். தெரிந்தே விட்டிருந்தால் நான் செய்ய வேண்டியது வேறு.

போன் செய்யாதீர்கள். இதற்கான பதிலைக் காதால் கேட்க எனக்கு விருப்பமில்லை.

ஆய்விதழுக்கு இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம்.

வை. கனகாம்பாள்


பெங்களூரு
29 ஜனவரி 2025

அம்மாவுக்கு,

தெரியாது.

அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது. பார்த்ததைச் சொல்கிறேன். அந்த முடிவு வந்த அன்று நான் காரைக்காலில்தான் இருந்தேன். சாதாரண நடையின் வரைகோடும் குவாண்டம் நடையின் வரைகோடும் திரையில் மேலும் கீழும் ஆடி, ஆடி, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டன. சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "டேய், இது நம்ம ஊர்டா! நூல் புடிச்ச தெருவு, ரெண்டு பக்கமும் அடைச்ச எல்லை. அலையை உள்ள புடிச்சுப் போட்டு அடக்கிடுச்சு பாரு!" என்று கத்தினார். நீங்கள் அடுப்படியிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டீர்கள். தவறு என்று தெரிந்தவர் அப்படி எழ மாட்டார். தெரிந்திருந்தால் அதைத் திருத்தாமல் எங்களைச் சாப்பிடவே விட்டிருக்க மாட்டார்.

அதற்கு அடுத்த மாதம் மருத்துவமனை. பிறகு அவர் நிரலைத் திறக்கவில்லை.

சரியான நடை எப்படி இருக்கிறதென்று உங்களிடம் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சாரின் வரியை என் கணினியில் மட்டும் மாற்றி, முதலில் கூட்டி, கடைசியில் ஒரே ஒருமுறை வர்க்கம் எடுத்தேன். அது அடங்கவே இல்லை. ஒரு சந்தியில் திரள்கிறது, அடுத்த அடியில் அங்கே ஒன்றுமில்லை. பூவத்தில் போய் மோதித் திரும்பி வருவதும் வாஞ்சூரில் மோதித் திரும்பி வருவதும் நடுவில் சந்தித்து, சில தெருக்களைச் சுத்தமாகக் காலி செய்துவிடுகின்றன. சாருக்கு அது இன்னும் பிடித்திருக்கும். ஆனால் அதில் புதுமை எதுவும் இல்லை. எல்லாக் கோட்டுருவிலும் அது அப்படித்தான். அதற்கு யார் பெயரையும் வைக்க முடியாது.

இன்னொன்று. சோமசேகரன் மாமா நேற்று போன் செய்தார். "தியாகு, நீ வாயத் தொறக்காத. அண்ணிக்கு ஒன் பேரு பக்கத்துல வர்றது புடிக்கல, அதான் சடைக்கிறாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கணக்கு தப்புன்னு வெளிய போறதவிட இது தேவலாம்ல? ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க" என்றார். "அதுல என் பேரும் கெடுதே மாமா" என்றேன். "ஒனக்கு என்னப்பா, நீ பெங்களூர்ல இருக்க" என்றார்.

அம்மா, நான் சொன்னபடியே முடித்துவிடலாம். தவறு என்மேல் இருக்கட்டும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

தியாகராசன்


காரைக்கால்
4 பிப்ரவரி 2025

திரு. தியாகராசன் அவர்களுக்கு,

நீங்கள் விவரித்த வரியை நாற்சந்திக்கு நானே போட்டுப் பார்த்தேன். வர்க்கம், கூட்டல், மூலம். நான்கு தெருவுக்கும் கால் வந்தது. அந்த வரியை எழுதியவர் என் கணவர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் தவறு உங்களுடையது என்று எழுதினேன். அது நியாயமில்லை. வரிக்கு வரி கூட்டிப் பார்க்கும் பழக்கம் என்னுடையது என்பதும் உண்மை.

நீங்கள் கேட்டதற்கு நான் உடன்பட முடியாது. அவர் செய்த தவறை எடுத்து உங்களுக்குத் தானம் செய்ய எனக்கு உரிமை இல்லை, வாங்கிக்கொள்ள உங்களுக்கும் உரிமை இல்லை. அவர் பெயரை எடுங்கள் என்று நான் கேட்டபோது தவறு வேறொருவருடையது என்று நினைத்தேன். அவருடையது என்று தெரிந்த பிறகு பெயர் இருந்தே ஆக வேண்டும். சரி வரும்போது போட்டுக்கொண்டு, தப்பு வரும்போது எடுத்துவிடும் பெயர் எங்கள் வீட்டில் கிடையாது.

உங்களுக்கு இதையும் சொல்கிறேன். மெய்ப்பில் "வைத்திலிங்கம் கோட்டுரு" என்று முதன்முதலாகப் பார்த்த அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம். அதன்பிறகுதான் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். ஆகவே என்ன இழக்கிறேன் என்று தெரியாமல் இதை எழுதவில்லை.

சோமசேகரனைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"அந்தப் பேச்சைக் கிளப்பினது நீங்கதானா?"

"குடும்ப மானத்துக்காகச் செஞ்சேன் அண்ணி."

"என்னைச் சாதி பாக்கிறவளாக்கி, அந்தப் பிள்ளையை ஏலக்கடையில அவமானப்படுத்தி, அதுல என்ன மானம் மிச்சம் தம்பி?"

"அப்ப அண்ணன் தப்பு பண்ணாருன்னு மேடை போட்டுச் சொல்லணும்கிறீங்களா?"

"ஆமா. மேடைதான் ஏற்கெனவே போட்டாச்சே."

நேற்று ஆட்டோ பிடித்துக் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். கணவர் இறந்து வருடம் திரும்பாமல் நான் எந்த வீட்டுக்கும் அழைப்பிதழ் கொண்டுபோகக் கூடாது என்று சோமசேகரன் தடுத்தார். வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பும் விஷயமில்லை இது. உங்கள் தகப்பனார் காத்தமுத்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பிறகு அவரே கேட்டார்.

"எம் மவன் என்னம்மா தப்பு பண்ணிட்டான்?"

"ஒண்ணும் பண்ணலைங்க. தப்பு பண்ணது எங்க வீட்டுக்காரரு."

"சாரா?"

"ஆமாங்க."

"சாரு தப்பு பண்ணுவாரா?"

"பண்ணியிருக்காரு. உங்க பையன்தான் அதைக் கண்டுபிடிச்சிருக்கான். சொல்லப் பயந்துக்கிட்டு இருந்திருக்கான்."

"அப்ப நீங்க ஏம்மா இவ்வளவு தூரம் வந்திங்க? ஒரு ஆளுகிட்ட சொல்லி அனுப்பியிருந்தா போதாதா?" என்றார். ஊர் அவர் காதில் நேராகப் போட்டது, நானும் நேராகத்தான் வர வேண்டும் என்றேன். அவர் என் எதிரில் அழவில்லை. நான் ஆட்டோவில் ஏறியதும் திரும்பி நின்றுகொண்டார். என் கணவர் தவறு செய்தார் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. அவரிடம் சொன்ன பிறகு வேறு யாரிடம் சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

நான் முடிவு செய்திருப்பது இது. ஆய்விதழில் இருக்கும் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அதற்குப் பதில் ஒரு திருத்தம் அனுப்ப வேண்டும். மேலே வைத்திலிங்கம் பெயரும் அடுத்துத் தியாகராசன் பெயரும் இருக்கும். உள்ளே, "பைகளைக் கூட்டும் முன் வர்க்கம் எடுத்த வரியை எழுதியவர் வைத்திலிங்கம். அது தவறு என்று கண்டுபிடித்தவர் தியாகராசன்" என்று இரண்டு வாக்கியங்கள் இருக்க வேண்டும். அவற்றை மெருகுபடுத்த வேண்டாம். கோட்டுருவுக்கு அவர் பெயர் வேண்டாம், காரைக்கால் தெருக்கள் என்று இருந்தால் போதும். பிறகு சரியான நடையைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே எழுதுங்கள். சில தெருக்கள் காலியாகின்றன என்று எழுதினீர்களே, அது ஊருக்கும் புரியும்.

சஃபியுல்லா அந்தத் திருத்தத்தையே மலராக அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதினாறாம் தேதி அந்த இரண்டு வாக்கியங்களை மேடையில் நான் வாசிப்பேன். நீங்கள் சொன்னால் பழி என்பார்கள். நான் சொன்னால் பழி என்று சொல்ல முடியாது. ஆனால் நான் மட்டும் சொன்னால் கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று என்னை உட்காரவைத்துவிடுவார்கள். நாற்சந்தியைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் தகப்பனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வராமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வராவிட்டாலும் நான் வாசிப்பேன். ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். அப்போது கண்டுபிடித்தவர் பெயரில்லாமல் தவறு செய்தவர் பெயர் மட்டும் நிற்கும்.

திருத்தத்தில் உங்கள் பெயர் இருக்கச் சம்மதமா, பதினாறாம் தேதி வருகிறீர்களா என்ற இரண்டையும் எனக்குத் தெரிவிக்க வேண்டும். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

வை. கனகாம்பாள்